பதில் வைத்தியர்

ஒருவர் வகிக்கும் பதவியில், அவர் இல்லாத காலத்து இன்னொருவர் அமர்ந்து கடமை பார்ப்பது உலகியலிற் புதியதன்று. நீதவான் விடுமுறையிற் சென்றால் பதில் நீதவான் வழக்கைக் கேட்கின்றார். அமைச்சர் கடல் கடந்து சென்றால் பதில் அமைச்சர் கோவைகளிற் கையொப்பமிடுகின்றார். ஆசிரியர் வராத நாளில் அடுத்த வகுப்பாசிரியர் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கின்றார். இவற்றுள் எந்தப் பணியும் ஒரு நாள் பிந்தினாற் பெருந்தீங்கு விளைந்துவிடாது. வழக்கைத் தவணை போடலாம். கோவை மேசையிற் காத்திருக்கலாம். வைத்தியரின் இருக்கை வெறுமையாய் இருக்கும்போதோ, நோய் தவணை கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஆதலின் வைத்தியத் துறையில் பதிலாள் என்பவர் வசதிக்கு வேண்டப்படுபவர் அல்லர், உயிருக்கு வேண்டப்படுபவர். அத்தகைய தற்காலிக வைத்தியருக்கு இன்று பல நாடுகளிலும், சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவிலும், ஏன் இத்துணைத் தேவை ஏற்பட்டிருக்கின்றது, எந்தெந்தத் துறைகளில் அவர் நாடப்படுகின்றார், அவராற் செய்யக்கூடியது எது, செய்யமுடியாதது எது என்பவற்றை இப்பேச்சில் ஆராய்வோம்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். ஆங்கில வைத்திய உலகில் இவரை 'லோக்கம்' என்பர். 'லோக்கம் டெனென்ஸ்' என்னும் இலத்தீன் தொடரின் குறுக்கம் அது. இடத்தைப் பிடித்திருப்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். படைகளில் வழங்கும் 'லெப்டினன்ட்' என்ற பதவிப் பெயரும் பிரெஞ்சு மொழியில் இதே பொருளைத் தரும் இரு சொற்களின் சேர்க்கையே. திருச்சபையில் ஒரு குருவானவருக்குப் பதிலாக வந்து வழிபாடு நடத்துபவரையும் ஆங்கிலேயர் இப்பெயராலேயே அழைப்பர். எமது நாட்டிலும், தனியார் வைத்தியர் ஒருவர் ஊரில் இல்லாத நாட்களில் அவருடைய மருந்தகத்தில் அமர்ந்து நோயாளரைப் பார்க்கும் இளம் வைத்தியர், தாம் 'லோக்கம்' செய்வதாகவே கூறுவார். நாம் இங்கே பதில் வைத்தியர் என்ற சொல்லைக் கையாள்வோம்.

அமெரிக்காவில் இம்முறை ஓர் ஒழுங்கான ஏற்பாடாக உருப்பெற்றது 1970 களின் பிற்பகுதியிலாகும். மேற்குப் பகுதியிலுள்ள யூட்டா மாநிலமும் அதன் அயல் மாநிலங்களும் பரந்த நிலப்பரப்பையும் சிதறிய குடியிருப்புக்களையும் கொண்டவை. அங்குள்ள சிற்றூர்களிற் பெரும்பாலும் ஒரே வைத்தியரே இருப்பார். அவர் நோயுற்றாலும், பிள்ளையின் திருமணத்துக்குச் செல்ல விரும்பினாலும், புதிய சிகிச்சை முறைகளைக் கற்க ஒரு வாரம் நகருக்குப் போக எண்ணினாலும், ஊரைக் கைவிட்டே போகவேண்டும். போகாமலே இருந்தால் உடலும் உள்ளமும் சோர்ந்து சில ஆண்டுகளில் ஊரை விட்டே போய்விடுவார். இந்நிலையை மாற்றும் நோக்குடன் யூட்டாப் பல்கலைக்கழகத்தில், ரொபேட் வூட் ஜோன்சன் அறநிலையத்தின் நிதியுதவியுடன் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. கிராமத்து வைத்தியர் ஓய்வெடுக்கும் நாட்களில் அவரிடத்துக்கு வேறொரு வைத்தியரை அனுப்புவதே அத்திட்டம். அதிலிருந்து கிளைத்த 'கொம்ப்ஹெல்த்' என்ற நிறுவனம் 1979 ஆம் ஆண்டு முதல் இதனையே தொழிலாக நடத்திவருகின்றது. பின்னர் இத்தகைய முகவர் நிறுவனங்கள் பல தோன்றின. வைத்தியசாலை முகவருக்குப் பணம் செலுத்தும்; முகவர் வைத்தியரைத் தேடிப் பிடித்து, அவருடைய சான்றிதழ்களைச் சரிபார்த்து, பிரயாணம், தங்குமிடம், தொழிற் காப்புறுதி ஆகியவற்றை ஒழுங்கு செய்து அனுப்பிவைக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். தொடக்கத்தில் இந்த ஏற்பாடு நிரந்தர வைத்தியரை ஊரில் நிலைக்கச் செய்வதற்காக எழுந்தது. அவர் இரண்டு வாரம் இளைப்பாறித் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையே அதன் அடித்தளம். இன்றோ, திரும்பி வருவதற்கு எவரும் இல்லாத இருக்கைகளுக்கே பதில் வைத்தியர் மிகுதியாக வேண்டப்படுகின்றனர். இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது?

அமெரிக்காவில் ஒருவர் வைத்தியராவதற்குக் கல்லூரியில் 4 ஆண்டுகளும், வைத்தியக் கல்லூரியில் 4 ஆண்டுகளும், அதன் பின் வைத்தியசாலைப் பயிற்சியில் துறைக்கேற்ப 3 முதல் 7 ஆண்டுகளும் செலவிடவேண்டும். அந்த வைத்தியசாலைப் பயிற்சிக்குரிய செலவிற் பெரும்பங்கை, முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதித் திட்டமாகிய 'மெடிகெயர்' வழங்குகின்றது. 1997 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வரவுசெலவுச் சட்டமொன்று, இவ்வாறு உதவி பெறும் பயிற்சி இடங்களின் தொகைக்கு உச்ச வரம்பு விதித்தது. மக்கள் தொகை பெருகியது. முதியோர் தொகை அதனிலும் விரைவாகப் பெருகியது. ஆனால் வைத்தியரை உருவாக்கும் வாயில் அதே வேகத்தில் விரியவில்லை. வைத்தியரும் முதுமையடைந்தனர். அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளின் சங்கம் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தொழில் புரியும் வைத்தியருள் ஐந்தில் ஒரு பங்கினர் 65 வயதை எட்டியவர்கள். 2036 ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் 13,500 முதல் 86,000 வரையான வைத்தியர் பற்றாக்குறை ஏற்படலாமென அதே மதிப்பீடு கூறுகின்றது.

மற்றொரு காரணம் சட்டம் சார்ந்தது. அவசர சிகிச்சைப் பிரிவைக் கொண்டு மெடிகெயர்த் திட்டத்திற் சேர்ந்துள்ள எந்த வைத்தியசாலையும், வாயிலுக்கு வந்த நோயாளரைப் பணமில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்புதல் ஆகாது. அவரைப் பரிசோதித்து, ஆபத்து நீங்கும் அளவுக்கேனும் சிகிச்சை அளித்தல் வேண்டும் என 1986 ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்தது. அழைத்தால் வரக்கூடிய நிபுணர்களின் பட்டியலும் அங்கே இருத்தல் வேண்டும். அறம் சார்ந்த நல்ல சட்டம் இது. ஆனால் பட்டியலிற் பெயர் இருக்கவேண்டுமாயின் ஆள் இருக்கவேண்டும். ஒரு சிறு நகரில் ஒரே ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தால், ஆண்டின் 365 இரவுகளிலும் அவரையே அழைக்க நேரும். அவர் உறங்குவதற்கேனும் ஒரு பதிலாள் வேண்டும்.

இனித் துறைவாரியாக நோக்குவோம். பதில் வைத்தியரின் தேவை எல்லாத் துறைகளிலும் ஒரே தன்மையதன்று. எந்தத் துறையில் ஏன் அவர் தேடப்படுகின்றார் என்று பார்த்தால், அந்தத் துறையின் இயல்பே விளங்கிவிடும்.

மயக்கமருந்து வைத்திய நிபுணரை முதலில் எடுத்துக்கொள்வோம். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நோயாளரின் மூச்சையும் இதயத் துடிப்பையும் காத்திருப்பவர் அவர். அவர் இல்லையென்றால், கத்தி பிடிக்கும் நிபுணரும் தாதியரும் கருவிகளும் இருந்தும் பயனில்லை; கூடம் முழுவதும் பூட்டப்படும். வைத்தியசாலையின் வருமானத்திற் பெரும்பங்கு அக்கூடத்திலிருந்து வருவதால், நிருவாகிகள் எவ்வளவு விலை கொடுத்தேனும் அந்த ஓரிடத்தை நிரப்ப முற்படுகின்றனர். 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றுக் காரணமாக அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டபோது, இத்துறைப் பதில் வைத்தியர் பலருக்கு ஒரே வாரத்தில் வேலை இல்லாமற் போயிற்று. தீவிர சிகிச்சை வைத்தியருக்கோ அதே வாரத்தில் எல்லாத் திசைகளிலிருந்தும் அழைப்பு வந்தது. பின்னர், தேங்கிக் கிடந்த சத்திரசிகிச்சைகள் மீண்டும் தொடங்கியதும் மயக்கமருந்து நிபுணருக்கான தேவை முன்னிலும் மிகுந்தது.

அடுத்தது வைத்தியசாலை விடுதிகளில் உள்ள நோயாளரை மட்டும் பராமரிக்கும் பொது வைத்தியர். முற்காலத்தில் ஊர்க் குடும்ப வைத்தியரே தம் நோயாளரை வைத்தியசாலையிலும் வந்து பார்ப்பார். விடுதிப் பணியையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட வைத்தியருக்கு 'ஹொஸ்பிட்டலிஸ்ட்' என்ற பெயரை 1996 ஆம் ஆண்டில் ரொபேட் வொக்டர், லீ கோல்ட்மன் என்னும் இரு வைத்தியர்கள் ஒரு கட்டுரையிற் சூட்டினர். 7 நாள் வேலை, 7 நாள் ஓய்வு என்பது இவர்களுட் பலருக்குள்ள முறை. வேலை இவ்வாறு முறைகளாகத் துண்டுபட்டிருப்பதால் பதிலாள் ஒருவர் வந்து ஒரு முறையை ஏற்றுக்கொள்வது எளிது. அவசர சிகிச்சை வைத்தியரின் நிலையும் அத்தகையதே.

கதிர்ப்படங்களை வாசிக்கும் நிபுணர் வேறொரு வகை. படத்தைத் தொலைவிலிருந்தே பார்க்கமுடியும் ஆதலின், அவர் நோயாளர் இருக்கும் ஊருக்கு வராமலே பதில் வைத்தியராகின்றார். ஆனால் கதிர்ப்படத்தின் துணையுடன் உடலுள் ஊசியோ குழாயோ செலுத்த வேண்டியிருந்தால், அதற்கு ஆள் நேரில் வந்தே ஆகவேண்டும்.

மகப்பேற்று நிபுணரின் தேவை மிகவும் கவலைக்குரியது. பிள்ளைப்பேறு நாளும் கோளும் பார்த்து வருவதன்று. பிறப்புக்கள் சிலவே நிகழும் ஊரிலும் 24 மணி நேரமும் நிபுணரும் மயக்கமருந்து வைத்தியரும் தாதியரும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இச்செலவைத் தாங்கமாட்டாது பல வைத்தியசாலைகள் பிரசவ விடுதிகளை மூடிவிட்டன. 2022 ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கிராமப்புற வைத்தியசாலைகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் பிரசவ வசதி இல்லை. மூடாது எஞ்சியவற்றுட் சில, வார இறுதிகளிற் பறந்து வந்து போகும் பதில் வைத்தியரைக் கொண்டே தம் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. அந்த ஒருவர் வராவிட்டால், பிரசவ வேதனையுடன் ஒரு தாய் நெடுந்தூரம் செல்லவேண்டும்.

உளநோய் வைத்தியத்திலும் பற்றாக்குறை பெரிது. அமெரிக்க மாவட்டங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் உளநோய் வைத்திய நிபுணர் ஒருவரேனும் இல்லை. பதில் வைத்தியர் இங்கும் பெரிதும் வேண்டப்படுகின்றார். ஆனால் இத்துறையிலும் குடும்ப வைத்தியத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மயக்கமருந்து நிபுணருக்கும் நோயாளருக்குமுள்ள உறவு சில மணி நேரத்தது. அங்கே கைத்திறனே முதன்மை. உளநோயாளருக்கோ வைத்தியர் மீதுள்ள அறிமுகமும் நம்பிக்கையுமே மருந்திற் பாதி. ஒருவரிடம் நெஞ்சைத் திறந்து கூறிய துயரத்தை, மூன்று மாதம் கழித்து வேறொருவரிடம் முதலிலிருந்து கூறவேண்டியிருந்தால் அவர் கூறுவாரா? நீரிழிவு நோயாளர் ஒருவர் மருந்தை ஒழுங்காக உட்கொள்கின்றாரா, வீட்டில் அவரைக் கவனிப்பார் உண்டா என்பன பல ஆண்டுகள் பழகிய வைத்தியருக்கு முகத்தைப் பார்த்ததும் தெரியும். புதியவர் எத்துணைக் கெட்டிக்காரராயினும், அவருக்கு அது தெரியாது.

ஆகவே, வைத்தியரின் பணியில் இரு கூறுகள் உண்டு எனலாம். ஒன்று, அவர் எங்கு சென்றாலும் உடன் கொண்டுசெல்லும் கல்வியும் கைத்திறனும். மற்றொன்று, அந்த ஊரையும் அந்த வைத்தியசாலையையும் அந்த நோயாளரையும் பற்றிய அறிவு. முன்னதைப் பதில் வைத்தியர் தம்முடன் கொண்டு வருகின்றார். பின்னதை அவர் கொண்டு வரமுடியாது. அவரை வரவேற்பவர்களே கொடுக்கவேண்டும். இவ்விடயத்திலுள்ள ஆபத்தும் அதற்குரிய பரிகாரமும் இந்த ஒன்றிலேயே அடங்கியுள்ளன.

ஆபத்து எத்தன்மையது என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். 2008 ஆம் ஆண்டு பெப்ரவரியில், கேம்பிரிட்ஜ் பிரதேசத்தில், வழமையான வைத்தியர் கடமையில் இல்லாத நேரத்துச் சேவைக்காக ஜேர்மனியிலிருந்து பதில் வைத்தியர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். இங்கிலாந்தில் அவருக்கு அதுவே முதற் கடமை முறை. சிறுநீரக வலியால் துன்புற்ற ஒரு நோயாளருக்கு அவர் 'டயமோர்பின்' என்ற வலிநீக்கி மருந்தை ஊசிமூலம் ஏற்றினார். ஜேர்மனியில் வைத்தியர்கள் இத்தகைய வலிக்கு வழமையாகக் கையாளாத மருந்து அது. கொடுக்கப்பட்ட அளவு 100 மில்லிகிராம். கொடுத்திருக்கவேண்டிய அளவைப் போற் பத்து மடங்கு. நோயாளர் இறந்தார். 2010 ஆம் ஆண்டில் மரண விசாரணை அதிகாரி இதனைப் பாரிய கவனயீனத்தால் நேர்ந்த மரணமெனத் தீர்ப்பளித்தார். ஐரோப்பிய நாடுகளிலிருந்து வரும் வைத்தியரின் ஆங்கில அறிவைச் சோதிப்பதற்கு அக்காலத்தில் பிரித்தானிய வைத்திய சபைக்கு அதிகாரம் இருக்கவில்லை. 2014 ஆம் ஆண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டு அவ்வதிகாரம் வழங்கப்பட்டது. தவறு செய்தவர் வைத்தியரே, அதில் ஐயமில்லை. எனினும், புதிய நாட்டில், புதிய மருந்துப் பெட்டியுடன், முன்பின் அறியாத வீடுகளுக்கு ஒருவரைத் தனியே அனுப்பிய ஏற்பாட்டுக்கும் அதிற் பங்கில்லை என்று கூறுதல் இயலாது.

அப்படியாயின் பதில் வைத்தியர் என்றாலே அஞ்சவேண்டுமா? அவ்வாறன்று. 2017 ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வைத்தியர் ஒருவர் இல்லாத காலத்திற் பதிலாள் செய்த சிகிச்சைக்கு, தொடர்ந்து 60 நாட்களுக்கு மேற்படாமல், அந்த வைத்தியரின் பெயரிலேயே பணம் கோர மெடிகெயர்த் திட்டம் இடமளிக்கின்றது. அத்தகைய பட்டியல்களில் ஒரு தனிக் குறியீடும் இடப்படும். அக்குறியீட்டைக் கொண்டு, 2009 முதல் 2014 வரை பொது வைத்திய விடுதிகளிற் சேர்க்கப்பட்ட முதியோரின் 18 இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளை ஆய்வாளர் பிரித்து நோக்கினர். 30 நாட்களுள் இறந்தோர் தொகை, பதில் வைத்தியர் பார்த்தவர்களுள் நூற்றுக்கு 8.83, நிரந்தர வைத்தியர் பார்த்தவர்களுள் நூற்றுக்கு 8.70. கணக்கியல் முறைப்படி இவ்விரண்டுக்கும் வேற்றுமை இல்லையென்றே கொள்ளவேண்டும். பதில் வைத்தியரின் நோயாளர் விடுதியில் தங்கிய காலம் மட்டும் சிறிது நீண்டிருந்தது: 5.21 நாளுக்குப் பதிலாக 5.64 நாள். செலவும் ஓரளவு கூடியிருந்தது.

ஆனால் அவ்வாய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. பதில் வைத்தியரை அரிதாகவே அமர்த்தும் வைத்தியசாலைகளைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, அங்கே பதில் வைத்தியர் பார்த்த நோயாளரின் இறப்பு வீதம் மற்றவர்களின் வீதத்திலும் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இருந்தது. அடிக்கடி பதிலாளரை வரவேற்றுப் பழகிய இடத்தில் ஆபத்தில்லை. பழகாத இடத்தில் ஆபத்துண்டு என்பது இதனாற் புலனாகின்றது. இத்தகைய ஆய்வுகள் காரணத்தை முற்றாக நிறுவமாட்டா. எனினும் முன்னர்க் கூறிய கருத்துக்கு இது வலுவூட்டுகின்றது. புதியவருக்கு இடத்தின் அறிவைக் கொடுக்கத் தெரிந்த வீடு அவரால் நன்மை பெறும்; தெரியாத வீடு அவரையும் நோயாளரையும் ஒருங்கே இடருக்குள்ளாக்கும்.

அந்த அறிவு பெரிய சாத்திரமன்று. அவசர மருந்துகள் எந்த அலுமாரியில் உள்ளன, இரவில் எந்த நிபுணரை எவ்விலக்கத்தில் அழைப்பது, ஆபத்தான நோயாளரை எந்தப் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவது, கணினிப் பதிவேட்டை எவ்வாறு திறப்பது என்பனவே. முதல் நாட் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இவற்றைக் காட்டிக்கொடுப்பதும், விடுதியில் உள்ள ஒவ்வொரு நோயாளரைப் பற்றியும் முன்னையவர் வாய்மொழியாகவும் எழுத்தாகவும் ஒப்படைப்பதும் போதும். புறப்படும்போதும் அவ்வாறே. பதில் வைத்தியர் அனுப்பிய இரத்தப் பரிசோதனையின் முடிவு அவர் போன பின்பு வந்து சேரும். அதனைப் பார்ப்பவர் யார் என்று முன்கூட்டியே குறித்து வைக்காவிட்டால், ஒரு புற்றுநோயின் முதல் அறிகுறி உறையினுள்ளேயே உறங்கிவிடக்கூடும்.

பொருட் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேவை மிகுந்து ஆட்கள் குறைந்தால் விலை ஏறும் என்பது சந்தை விதி. பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையில் முகவர் மூலம் வரும் பணியாளருக்கான செலவு கட்டுமீறியதால், 2015 ஆம் ஆண்டு நவம்பரில் அவர்களுக்குரிய மணிநேரக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. எனினும் நோயாளர் காத்திருக்கும்போது வரம்பை மீறியேனும் ஆளைப் பெறும் நிர்ப்பந்தம் வைத்தியசாலைகளுக்கு ஏற்படுகின்றது. நிரந்தரப் பதவிக்குரிய ஊதியத்தையும் வசதியையும் குறைத்து வைத்துவிட்டு, அந்த இடம் வெறுமையானதும் பதிலாளுக்கு இருமடங்கு கொடுப்பது, கூரையை வேயாமல் ஒவ்வொரு மழைக்கும் புதிய பாத்திரம் வாங்கி வைப்பது போலாகும்.

எமது நாட்டுக்கும் இவ்விடயத்துக்கும் தொடர்பு உண்டு. அமெரிக்காவில் தொழில் புரியும் வைத்தியருள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் வேறு நாடுகளில் வைத்தியம் கற்றவர்கள். பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் இவ்வாறே பிற நாட்டு வைத்தியரை நம்பியுள்ளன. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் இலங்கையிலிருந்து பெருந்தொகையான வைத்தியரும் நிபுணரும் அந்நாடுகளுக்குச் சென்றனர். அங்குள்ள ஓர் இருக்கை நிறையும்போது இங்கே ஓர் இருக்கை வெறுமையாகின்றது. தலைநகரில் இவ்வெறுமை விரைவில் நிரப்பப்படும். தொலைவிலுள்ள மாவட்ட வைத்தியசாலையில் நீடிக்கும். அயல் வைத்தியசாலை நிபுணர் வாரத்திற் சில நாள் வந்து போவதும், அவர் வராத நாளில் நோயாளர் அம்புலன்சில் ஏற்றப்படுவதும் நேயர்கள் பலர் அறிந்ததே.

இந்நிலையை மாற்றுவது அரசினரதும் வைத்திய உலகினதும் பொறுப்பு. ஆயினும் நோயாளரும் அவர்தம் குடும்பத்தினரும் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. வழமையான வைத்தியரின் இருக்கையில் ஒரு புதிய முகத்தைக் கண்டால் மனஞ் சோர்ந்து திரும்பவேண்டியதில்லை. அவர் கல்வியிற் குறைந்தவர் அல்லர். உங்களை அறியாதவர், அவ்வளவே. ஆதலால் உங்களை அவருக்கு அறிவியுங்கள். கிளினிக் கொப்பியை எப்போதும் உடன் கொண்டு செல்லுங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும் அளவுகளையும் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். எழுத இயலாதவர் மருந்து உறைகளையே எடுத்துச் செல்லலாம். எந்த மருந்து உங்களுக்கு ஒவ்வாது என்பதை, அவர் கேட்கும் வரை காத்திராமல் முதலிற் சொல்லுங்கள். பரிசோதனை ஏதேனும் எழுதித் தந்தால், அதன் முடிவை எப்போது, யாரிடம் வந்து பெறவேண்டும் என்று கேட்டறிந்த பின்னரே எழுந்து வாருங்கள்.